மஞ்சள் பெட்டையின் பன்னிரண்டாம் நாள்

வாளித் தண்ணீரைக் குனிந்து முகர்ந்து பார்க்கிறார் அழகர். "இன்னும் மருந்து வாசம் போகல." நகரசபையின் குடிநீர்ப் பகுதியில் முப்பத்தொரு வருடம் ஊர்த் தண்ணீருக்குக் குளோரின் கலந்தவர், ஓய்வுபெற்ற பிறகு அது போவதற்காகக் காத்திருக்கிறார்.

மஹய்யாவையில் அவர் வீட்டு முன்னறையில் உட்காரக் கதிரை இரண்டு, மீன் தொட்டி ஐந்து. எல்லாம் சிக்லிட் மீன்கள். ஓர் இனத்துப் பெட்டையை வேறோர் இனத்து ஆணோடு விட்டுவிட்டுப் பொறுத்திருப்பார். மடவளையில் மீன்கடை வைத்திருக்கும் ரபீகா கையை விரித்துவிட்டாள். "கலப்பு மீன எங்கட கடைல எடுக்கிற இல்ல ஐயா."

"விக்கவா வளக்குறேன்? என்ன கலர் வரும்னு யாருக்குமே தெரியாதுல்ல, அதப் பாக்கத்தான்."

இந்த மீன்கள் முட்டையை வாய்க்குள் வைத்து அடைகாப்பவை. குஞ்சு நீந்தும்வரை, ஏறக்குறைய மூன்று வாரம், தாய் எதுவும் தின்னாது. போன வருடம் அழகர் அவசரப்பட்டு ஒரு தாயின் வாயிலிருந்து எடுத்த குஞ்சுகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதற்குப் பிறகு இப்போதுதான் மஞ்சள் பெட்டை நீல ஆணோடு சேர்ந்திருக்கிறது.

இன்று பன்னிரண்டாம் நாள். பெட்டையின் வயிறு ஒட்டி, தலை மட்டும் பெரிதாகத் தெரிகிறது. காலையிலிருந்து மூலையில் சாய்ந்து கிடக்கிறது. அழகர் தேநீரை ஆறவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"ஒங்க மகளச் சுமந்தப்ப, சாப்பிட்டியான்னு என்னைய ஒரு நாள் கேட்டிருப்பீங்களா?" என்றாள் மனைவி ஜெயராணி.

"நீதான் கேக்காமலே ரெண்டு தட்டு சாப்பிடுவியே."

அவள் சிரித்தபடி கிட்டே வந்தாள். தொட்டியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "இந்தாங்க, இது செத்துப் போயிரும்."

"இப்ப எடுத்தா குஞ்சு தங்காது, ஜெயராணி."

அவள் கிண்ணத்தில் தொட்டித் தண்ணீரை மொண்டு நீட்டினாள்.

அழகர் கையை நனைத்துக்கொண்டு பெட்டையைப் பிடித்தார். கீழுதட்டை மெல்ல அழுத்தியதும், வயிற்றில் மஞ்சள் கரு ஒட்டிய குஞ்சுகள் கிண்ணத்தில் கொட்டின. சில துடித்தன. அவற்றைக் காற்றுக்குழாய் போட்ட போத்தலில் ஊற்றினாள் ஜெயராணி. "வந்து பாருங்களேன், அசையுது!"

அவர் திரும்பவில்லை. பெட்டையைத் தொட்டியில் விட்டு, அதன் முன்னால் ஒரு துளித் தீனியை விரல் நுனியில் வைத்து, கையை முழங்கைவரை தண்ணீருக்குள் விட்டபடி, அது வாயைத் திறக்கும்வரை அசையாமல் நின்றார்.