வெறுந்தண்ணீர்

சர்க்கரை நோயால் என் கணவரின் கால் பெருவிரலை எடுத்த மாதத்தில்தான் மகள் மாறினாள். அப்போது அவளுக்குப் பதினாறு வயது, பள்ளியில் படிவம் நான்கு. கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு திடல் இருக்கிறது. பள்ளி விட்டு வந்ததும் காலணியை மாட்டிக்கொண்டு அதை ஐந்து சுற்று நடப்பாள். மைலோ, பால் கலந்து நுரைக்க ஆற்றும் தே தாரேக், இனிப்பாகக் குடித்ததெல்லாம் நின்று போயின. வெறுந்தண்ணீர்தான். அதற்குக் கைப்பேசியில் அலாரம் வேறு.

"தாகத்துக்குக்கூட அலாரமாடி?" என்று கேலி செய்வேன்.

"அப்பா மாதிரி எனக்கு ஆகக்கூடாதும்மா" என்றாள் ஒரு நாள். கூடத்தில் கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தவருக்கு அது கேட்டிருக்கும். எனக்குச் சுருக்கென்றது. அவள்மேல் வந்த கோபம் உள்ளேயே கிடந்தது.

தீபாவளிக்கு மறுநாள் ரவாங்கில் நாத்தனார் வீட்டுக்குப் போனோம். உட்கார்ந்ததும் பண்டோங் வந்தது. ரோஜா சிரப்பும் பாலும் கலந்து, ஐஸ் மிதக்க.

"எனக்கு வெறுந்தண்ணி போதும் அத்தை" என்றாள் மகள்.

நாத்தனார் முகம் சுண்டிவிட்டது. "ஏன்லா, எங்க வீட்டு பண்டோங் தொண்டையில எறங்காதா?"

போன இடத்தில் கொடுத்ததை வேண்டாம் என்பது எங்கள் சொந்தத்தில் முகத்தில் அடிப்பதற்குச் சமம். "பெரியவங்க கொடுத்தா குடிக்கணும். ஒரு கிளாஸ்ல செத்துட மாட்ட" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் ஒருமுறை அப்பாவைப் பார்த்தாள். பிறகு மடமடவென்று குடித்து முடித்தாள். அவரும் தன் கிளாஸை எடுத்தார். இத்தனை வருடமாக விருந்து வீடுகளில் அவருக்கும் இதையே சொல்லித்தான் கொடுத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. அப்போதாவது அவள் பக்கம் பேசியிருக்கலாம், பேசவில்லை.

அடுத்த வாரம் அவள் நடக்கப் போகவில்லை. அலாரமும் அடிக்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது நானல்ல.

ஆறு மாதம் கழித்துக் கணவரின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நான் அவளுடைய காலணியைத் தூசி தட்டி வாசலில் வைத்தேன். அவள் நாற்காலியில் சாய்ந்து, ஒரு டின் குளிர்பானத்தைத் திறந்துகொண்டிருந்தாள்.

"அது வேணாம்டா. வா, திடலுக்குப் போவோம், நானும் வரேன்" என்று கெஞ்சினேன்.

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"விடுங்கம்மா. ஒரு டின்ல செத்துட மாட்டேன்."