முழுகாமல் இருந்த தீபாவளி

எங்கள் வீட்டுப் பெண்களுக்கு நெல் விளையும் நிலம் உண்டு, அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் உண்டு. அதனால் அவர்களுக்கு ஒரே வேலைதான். யார் வீட்டில் என்ன நடந்தது என்று காலையிலிருந்து போனில் விசாரிப்பது. கவரைப்பேட்டையில் இருக்கும் என் பெரியம்மாதான் இதற்குத் தலைவி.

எனக்குக் கல்யாணமாகி ஆறு வருடம். குழந்தை இல்லை. என் தங்கைக்கு அம்மா வீட்டில் வளைகாப்பு என்றதும் பெரியம்மா அம்மாவிடம், "பெரியவள வளையல் போட உடாத. சமையல் பக்கம் பாத்துக்கினு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். அம்மாவும் தலையாட்டினாள். தங்கைக்குப் பள்ளிக்கூடம் முடியும்வரை ஜடை பின்னிவிட்ட கை இது. வளையல் போட மட்டும் ஆகாதாம்.

வளைகாப்புக்கு நான்கு நாள் முன்பு தீபாவளி. அம்மா வீட்டில் இருந்தேன். கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்ததிலிருந்து காய்ச்சல், எண்ணெய் தேய்த்துக் குளிக்கவில்லை. விடிந்ததும் பெரியம்மா போன் செய்து என்னைப் பற்றிக் கேட்டாள். வடை சுடும் அவசரத்தில் அம்மா, "அவ இன்னும் முழுகாம இருக்கா" என்றாள்.

அவ்வளவுதான். முழுகாமல் இருந்தால் கர்ப்பம். தீபாவளியன்றுகூட அவர்களுக்கு வேறு அர்த்தம் தோன்றாது. மத்தியானம் மணவாள நகர் சித்தி மாதுளம்பழத்தோடு வந்து நின்றாள்.

"இன்னாடி, எங்களாண்டகூட சொல்லமாட்டியா?"

விஷயம் புரிந்ததும் அம்மா பதறிப்போய் போனை எடுத்தாள். நான் பிடுங்கிக்கொண்டேன். "வளைகாப்பு முடியட்டும்மா. அதுவரிக்கும் வாயத் தொறக்காத." தங்கையிடம் மட்டும் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

வளைகாப்பன்று பெரியம்மாவே என்னை இழுத்து முன்னால் நிறுத்தினாள். "மொதல்ல நீ போடுடி, ராசியான கை." நான் போட்டு முடித்ததும் தங்கையிடம், "வலி வர்ற வரிக்கும் இத்தக் கழட்டக்கூடாது, தெரிதா?" என்று எல்லார் முன்னாலும் சொன்னாள்.

பந்தியில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, "எத்தினி மாசம்டி?" என்று கேட்டாள்.

"இன்னா மாசம்? தீபாவளிக்குக் காய்ச்சல் பெரிம்மா. தலைக்கு ஊத்திக்கல. அதத்தான் அம்மா சொல்லிச்சி. நேத்து முழுகிட்டேன்."

எலுமிச்சை சாதம் அவள் கையிலேயே நின்றது. "அப்போ, வளையலு?"

"கழட்டிடலாமா பெரிம்மா? நீயே சொல்லு."