முன் பிரேக்கும் தேவமணி சிஸ்டரும்

"எந்த பிரேக்கப் புடிச்சீக?"

பஞ்சை மருந்தில் நனைத்துக்கொண்டே கேட்கிறார் தேவமணி. பெயர், வயது, ஊர் எல்லாம் பிறகுதான். எதிரே பெஞ்சில் இருப்பவர் விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசு ஆலையின் போர்மேன். நூறு பேரை அதட்டி வேலை வாங்குகிற ஆகிருதி. இடது முழங்கையிலிருந்து இடுப்பு வரை தோல் வழன்று போய்ச் சட்டை ஒட்டிக் கிடக்கிறது. ரெண்டு பிரேக்கையும் சேர்த்துத்தான் பிடித்தேன், நாய் குறுக்கே பாய்ந்துவிட்டது என்கிறார். தேவமணி ரெண்டையும் நம்பவில்லை, நாயையும் நம்பவில்லை.

"முன் பிரேக்கத் தொட்டிருந்தா இம்புட்டுத் தூரம் இழுத்துட்டுப் போயிருக்காதுண்ணே. கால் பிரேக்க மட்டும் ஏறி மிதிச்சிருக்கீக. பின் டயரு வழுக்கி வண்டி படுத்துருச்சு. சரி, நாயி என்ன கலரு?"

போர்மேன் யோசிக்கிறார். அவர் யோசிப்பதைப் பார்த்ததும் தேவமணிக்குத் திருப்தி. பஞ்சைக் காயத்தில் வைக்கிறார்.

சிவகாசியில் ஒரு தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் பத்தொன்பது வருடமாக நர்ஸாக இருக்கிறார். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. ஆனால் காயத்தைப் பார்த்து, விழுந்தவர் எந்த பிரேக்கைப் பிடித்தார் என்று சொல்லிவிடுவார். பக்கவாட்டில் தோல் உரிந்திருந்தால் பின் பிரேக். மோவாயும் இரண்டு உள்ளங்கையும் கிழிந்திருந்தால் முன் பிரேக்கை மட்டும் வெடுக்கென்று இழுத்துத் தலைகுப்புற விழுந்த ஆள். நானும் ஒருமுறை மோவாயைப் பிடித்துக்கொண்டு அங்கே போய், மண் சறுக்கிவிட்டது என்று புளுகி, அசிங்கப்பட்டுத் திரும்பியிருக்கிறேன். அதோடு விட்டாரா? நான் பக்கத்து வீட்டுக்காரன் என்பதால் ஒரு மாதம் தெருவில் பார்க்கும்போதெல்லாம் மண்ணைப் பற்றி விசாரித்தார்.

அவருடைய சந்தேகத்துக்கு விதிவிலக்கு கிடையாது. தீபாவளி சீசனில் வீட்டிலிருந்து கூட்டிப்போக வரும் ஆஸ்பத்திரி வேனில் ஏறுவதற்கு முன்னால், ராத்திரி தூங்கினாயா என்று டிரைவரைக் கேட்பார். தூங்கினேன் என்று அவர் சொன்னாலும் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படியில் கால் வைப்பார். வேலை முடிந்து போகும்போது, ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியிருக்கும் பைக்குகளின் வலது கைப் பக்கத்து முன் பிரேக்கை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்ப்பது வழக்கம். முதல் வாரம் வாட்ச்மேன் இருளாண்டி இவரை பெட்ரோல் திருட வந்தவர் என்று நினைத்துவிட்டார். அமுக்கிய இடத்தில் பத்துக்கு ஏழு பிரேக் தொளதொளவென்று பிடிவரை வரும். வேண்டுமென்றே அப்படி வைத்திருப்பார்கள்.

எங்கள் பக்கத்தில் முன் பிரேக் என்றால் ஆளைக் கொல்கிற சாமான். சர்வீஸுக்கு விடும்போதே கேபிளை லூசாக்கச் சொல்லிவிடுவார்கள். நாள் முழுக்க வெடிமருந்தை அள்ளிக் குழாயில் அடைக்கிற ஊர், ஒரு சாண் நீளப் பிடியைப் பார்த்துப் பயப்படுகிறது. தேவமணி கட்டுப் போட்டு முடிக்கும்போது எல்லோருக்கும் ஒரே பாடம்தான்: ரெண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும், முன்னால் உள்ளதைக் கொய்யாப்பழம் பழுத்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல அமுக்க வேண்டும், படக்கென்று இழுக்கக் கூடாது.

இந்தப் பாடம் ஏறாத ஒரே ஆள் அவருடைய கணவர் ஜாபஸ். பட்டாசுப் பெட்டி லேபிளுக்கு ஆர்டர் எடுக்கிற வேலை. சாத்தூர், எம். புதுப்பட்டி என்று தினமும் அலைகிறவர். இருபத்து மூன்றாவது வயதில் முன் பிரேக்கைப் பிடித்து விழுந்து இரண்டு பல்லைத் தொலைத்தார். அன்றிலிருந்து முன் கேபிள் தொங்கலில்தான். ஆனாலும் பயம் வந்தால், பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கிற மாதிரி, அந்தச் செத்த பிரேக்கை நாலு விரலாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். அதனால் ஒன்றும் ஆகாது, காலில்தான் பிரேக். மகள் வினோலியாவைத் தினமும் காலேஜ் பஸ் நிற்கிற இடத்துக்குக் கூட்டிப்போவதும் அதே வண்டியில்தான். ஒரு காலை நம்பி ரெண்டு உசிரு போகுது என்று தேவமணி சொல்லாத நாளில்லை. வண்டி ஓட்டத் தெரியாதவள் பேச்சைக் கேட்கவா என்பார் ஜாபஸ். இந்தச் சண்டையைக் கேட்டு எனக்கே சில சமயம் அலுப்பாக இருக்கும்.

போன மாதம் ஒரு ஞாயிறு, ஆலய ஆராதனை முடிந்து வந்து ஜாபஸ் சாப்பிட்டுத் தூங்கினார். தேவமணி மெக்கானிக் சோலைமலையை வீட்டுக்கே வரவழைத்து, முன் பிரேக்குக்குப் சக்கரத்தைக் கவ்வுகிற புது ஷூவும் புதுக் கேபிளும் போட்டு டைட் பண்ணச் சொன்னார். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்றும் சொல்லி அனுப்பினார். சொன்னால் மனுஷன் மறுபடி லூசாக்கிவிடுவார் என்று சந்தேகம். இதெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை வினோலியாவுக்கு லீவு. ஜாபஸ் மட்டும் எம். புதுப்பட்டிக்குக் கிளம்பினார். எனக்கும் அந்தப் பக்கம் வேலை இருந்ததால் என் வண்டியில் ஐம்பதடி பின்னால் போய்க்கொண்டிருந்தேன். முன்னே போன வேன் சட்டென்று நின்றது. ஜாபஸ் கால் பிரேக்கை மிதித்தார், வழக்கம்போலக் கையையும் இறுக்கினார். முன் சக்கரம் அப்படியே நின்றது. வண்டியின் வால் தூக்கியதையும், அவர் ஹேண்டில்பாருக்கு மேலாக ரோட்டில் போய் விழுந்ததையும் பார்த்தேன். ஹெல்மெட் இருந்ததால் தலை பிழைத்தது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தேன்.

பணியில் தேவமணிதான் இருந்தார். பிளந்த மோவாயைப் பார்த்தார், இரண்டு உள்ளங்கையையும் திருப்பிப் பார்த்தார். எந்த பிரேக் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. டாக்டர் தையல் போட்டுவிட்டுப் போனதும் இடது கையை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

ஜாபஸ்தான் பேசினார். சோலைமலைதான் வண்டியில் ஏதோ கை வைத்திருக்கிறான், பன்னிரண்டு வருடப் பழக்கம் என்றும் பார்க்கப் போவதில்லை, இன்றைக்கே ஒர்க் ஷாப்புக்குப் போய் நாலு பேர் முன்னால் அவனைக் கேட்கிறேன் என்றார். அவருக்கு மனைவி மேல் துளிச் சந்தேகம் இல்லை. தேவமணி பேசாமல் இருந்திருந்தால் பழி சோலைமலையோடு போயிருக்கும். இடது கையில் கட்டு முடிந்தது.

"சோலைமலை மேல தப்பில்ல. நாந்தேன் டைட் பண்ணச் சொன்னேன்" என்றார். "ஒங்ககிட்டச் சொன்னா திரும்ப லூசாக்கிருவீகன்னு சொல்லல."

 எனக்கு எழுந்து வெளியே போய்விடலாமா என்றிருந்தது.

"சொல்லியிருந்தா லூசாக்கித்தேன் இருப்பேன்" என்றார் ஜாபஸ், தையல் இழுக்க, மெதுவாக. "ஆனா அது புடிக்கும்னு ஏங் கைக்குத் தெரியாமப் போச்சே தேவமணி."

தேவமணியின் முகம் கோணியது. அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டார். அடுத்த கட்டிலருகே நின்ற பாண்டிமீனா என்ற நர்ஸைக் கூப்பிட்டு, வலது கையை நீ பாரும்மா என்று சொல்லிவிட்டுச் சுவரோரமாக நகர்ந்து நின்றார். தன் கை இனி ஜாபஸுக்கு வேண்டாம் என்று அவரே முடிவு கட்டிவிட்டதுபோல இருந்தது.

பாண்டிமீனா தட்டோடு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஜாபஸ் வலது கையை மடியோடு சேர்த்து வைத்துக்கொண்டார். அவள் இரண்டு முறை கேட்டும் தரவில்லை. பிறகு அந்தக் கையை, ரத்தம் சொட்டச் சொட்ட, அவளைத் தாண்டிச் சுவரோரம் நின்ற தேவமணியின் பக்கமாக நீட்டினார்.