மேல்வீட்டு நடிகையின் இரண்டு மரண அறிவித்தல்கள்

திரையில் தான் இருபத்துமூன்று தடவை செத்திருப்பதாக மேல்வீட்டு அம்மையார் சொன்னபோது, நான் மொன்றியலின் புவாண்ட்-கிளேருக்குக் குடிவந்து இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. ஜூலை முதலாந் திகதி இந்த நகரத்தில் பாதிப்பேர் வீடு மாறுவார்கள்; அந்தப் பாதியில் நான் எப்போதும் இருப்பேன். இது என் ஒன்பதாவது வீடு. பெட்டிகளை முழுதாகப் பிரிக்கும் பழக்கம் எப்போதோ விட்டுப்போயிற்று.

அவர் இங்கிலாந்தின் வடக்கே ஒரு கடற்கரைப் பட்டினத்தில் பிறந்தவர். பதினேழு வயதில் ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுவொன்றில் சேர்ந்தார். பிறகு சினிமா. முதற் படத்தில் ஆற்றில் மிதக்கும் பெண், வசனம் கிடையாது. பிறகு தொலைக்காட்சியில் ஒரு மருத்துவமனைத் தொடர், ஆறு வருடம் தலைமைத் தாதி. அதுதான் அவருடைய நல்ல காலம். அது முடிந்ததும் துப்பறியும் தொடர்கள். அவற்றில் முதல் விளம்பர இடைவேளைக்கு முன்னரே அவரைக் கொன்றுவிடுவார்கள். நஞ்சு, தலையணை, மாடிப்படி. "படியில் உருளுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை" என்பார், எங்கள் கட்டடத்துப் படிகளில் கைப்பிடியைப் பற்றி ஒவ்வொன்றாக இறங்கியபடி. ஒரு படப்பிடிப்புக்காக மொன்றியல் வந்தவர், இங்குள்ள ஒலிப்பதிவாளர் ஒருவரை மணந்து தங்கிவிட்டார். கணவர் போய்ப் பல வருடம். பிள்ளைகள் இல்லை.

"படங்களில் எனக்கு அருமையான இறுதிச் சடங்குகள் நடந்திருக்கின்றன" என்றார் ஒரு நாள் தேநீர் குடித்தபடி. "மழை, கறுப்புக் குடை, அழுகை. கூட்டம் போதாவிட்டால் அதே ஆட்கள் கமராவுக்குப் பின்னால் சுற்றிப்போய், தொப்பியை மாற்றிக்கொண்டு திரும்ப வருவார்கள்." "நிஜமாகச் சாகும்போது யார் வருவார்கள் என்றுதான் தெரியவில்லை. ஒருவர் வந்தால் போதும் என்று சொல்லமாட்டேன். நான் நடிகை. எனக்குக் கூட்டம் வேண்டும்."

பகலில் நான் ஒரு கிடங்கில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுகிறேன். மற்ற நேரத்தில், யாரும் கேட்காத உரைநடைக் கவிதைகளும் எங்கள் ஈழத்து ஆட்கள் எல்லோரும் கேட்கும் மரண அறிவித்தல்களும் எழுதுகிறேன். அதை அவரிடம் சொல்லியிருக்கக் கூடாது. எங்கள் அறிவித்தலில் ஒருவர் தனியாகச் சாக முடியாது. இன்னாரின் அன்பு மகள், பாசமிகு சகோதரி, மைத்துனி, பெரியம்மா என்று உறவுகள் வரிவரியாக வந்து நிற்கும், கடைசி வரியில் 'தகவல்: குடும்பத்தினர்' என்று ஒரு தொலைபேசி எண் இருக்கும் என்று விளக்கினேன். அவர் கண்கள் பளிச்சிட்டன. தனக்கும் ஒன்று வேண்டும், இப்போதே வேண்டும், வாசித்துப் பார்க்க வேண்டும் என்றார்.

இலையுதிர் காலம் முழுக்க ஞாயிறுகளில் எழுதினோம். உறவு வரிகளுக்கு ஆளில்லை. எனவே திரையின் உறவுகளைப் போட்டோம்: ஒரு மாலுமியின் அன்பு மனைவி, இரட்டையரின் பாசமிகு தாய், ஒரு நீதிபதியின் கோபக்கார மாமி. தகவல் என்ற இடத்தில் 'அயலவர்' என்று எழுதி, கட்டடத்தின் முகவரியையும் என் எண்ணையும் கொடுத்தேன்.

பிழை என்னுடையதுதான். பக்கத்து ஊரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருக்கும் நண்பர் ஒருவர்தான் அறிவித்தல்களுக்கு விளக்கும் பூவும் போட்டு வடிவமைப்பவர். ஒரு பக்கத்துக்குள் அடங்குமா பார்க்கச் சொல்ல நினைத்து, ஒரு சனிக்கிழமை காலை அதை அவருக்கு அனுப்பினேன். 'இது பார்ப்பதற்கு மட்டும்' என்ற ஒரு வரியை எழுத மறந்தேன். அவருக்கு அறிவித்தல் கிடைத்தால் அரைமணி நேரத்தில் எல்லா வாட்ஸ்அப் குழுக்களுக்கும் போய்விடும். தாமதித்தால் யாராவது செத்தவீட்டைத் தவறவிடுவார்கள். உண்மையாகவே செத்துவிட்டாரா என்று எங்களில் எவரும் கேட்பதில்லை. அது கேட்கக்கூடாத கேள்வி.

பதினொரு மணிக்கு என் தொலைபேசி அடித்தது.

"அண்ணை, கீழ நிக்கிறம். எத்தினையாம் மாடி?"

"ஆர் கதைக்கிறது?"

"செத்தவீட்டுக்கு வந்தனாங்கள்."

"ஆர் செத்தது?"

"நல்ல கேள்வி. நீங்கள்தானே போட்டனீங்கள்."

நான் மேலே ஓடிப்போய்ச் சேருமுன் அவர்கள் கீழே தபால்பெட்டியில் அவர் பெயரைப் பார்த்து ஏறிக் கதவைத் தட்டிவிட்டார்கள். ஒன்பது பேர். வெளிர்நிறச் சேலைகள், குளிர்ச்சட்டைகள், ஒரு பிளாஸ்கில் கோப்பி, பெரிய பெட்டியில் இடியப்பம், வாளியில் தேங்காய்ப்பால் சொதி. செத்தவீட்டில் அடுப்பு எரியாது என்பதால் சாப்பாட்டோடு வந்திருந்தார்கள். கதவைத் திறந்தவர் அம்மையார்தான்.

"இவ ஆர்?" என்று என்னிடம் கேட்டார் பிளாஸ்க் வைத்திருந்த அக்கா.

"செத்தவ."

"ஆள் நிக்கிறா எல்லே."

"அதுதானக்கா, பிழை நடந்து போச்சு."

பின்னால் நின்ற ஒருவர், "அப்ப இடியப்பத்தை என்ன செய்யிறது?" என்றார்.

நான் அம்மையாருக்கு ஆங்கிலத்தில் விளக்கி மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒன்பது முகங்களையும் நிதானமாகப் பார்த்தார். "இவர்கள் எல்லோரும் எனக்காகவா?"

ஆம் என்றேன்.

அந்த அக்கா என் பக்கம் சாய்ந்து, "உங்கட ஆக்களெண்டு நினைச்சம் தம்பி. உங்களுக்கு இங்க ஒருத்தரும் இல்லையெண்டு தெரியும். அதுதான் கண்ட உடனே வெளிக்கிட்டு வந்தனாங்கள்" என்றார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

அம்மையார் எல்லோரையும் உள்ளே அழைத்தார். கணவரின் நாற்காலியில் நிமிர்ந்து இருந்து, ஒவ்வொருவரும் தன்னைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும் என்றார். யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனாலும் சொன்னார்கள்: நல்ல மனுசி, வடிவான ஆள், ஒருத்தருக்கும் கரைச்சல் குடுத்ததில்லை. நான் வரிக்குவரி ஆங்கிலத்தில் சொல்ல, அவர் தலையாட்டி ஏற்றுக்கொண்டார். சொதியை இடியப்பத்தில் ஊற்றிக் கையால் தின்றார். அவர்கள் போனபின், "கூட்டம் நன்றாக இருந்தது, இல்லையா?" என்று கேட்டார். பனி விழத் தொடங்கும்வரை அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

பெப்ரவரியில் அவர் நித்திரையில் போனார். திரையில் ஒருபோதும் அவருக்குக் கிடைக்காத சாவு.

நான் அறிவித்தலைத் திருத்தினேன். நண்பருக்கு இம்முறை அனுப்பாமல் தொலைபேசியில் பேசினேன்.

"அண்ணை, இன்னொருக்கா என்னைப் பேய்க்காட்டாதேங்கோ. போனமுறை ஆக்கள் ஏசினது எனக்குத்தான்."

"இது மெய்யடா."

"போனமுறையும் நீங்கள்தானே எழுதினது?"

தொலைபேசியை வைத்தேன். பிளாஸ்க் அக்காவை அழைத்தேன். அவர் நம்பினார், நம்பியபிறகுதான் இன்னும் கடினமாக இருந்தது. "பாவம் மனுசி. ஆனா நாங்கள் அண்டைக்கே வந்திட்டம் தானே, தம்பி. ஸ்னோவும் கொட்டுது. பேந்து ஒரு நாளைக்கு உங்களை வந்து பாக்கிறம்." அவரில் பிழையில்லை. அவர்கள் தங்கள் கடமையை ஏற்கெனவே செய்துவிட்டார்கள். அம்மையாருடைய கூட்டத்தை நான்தான் நாள் தவறிச் செலவழித்துவிட்டேன்.

இறுதிச் சடங்கு மண்டபத்தில் ஐந்து வரிசை நாற்காலிகள். கதவடியில் கறுப்பு உடுப்பில் நின்றவர் "போன்ஜூர்" என்று தலைசாய்த்தார். நான் முன்வரிசையில் இருந்தேன். பெட்டிக்குள் அம்மையாரின் முகம் அமைதியாக இருந்தது. நன்றாகச் செய்கிறார் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். மூன்று மணி. யன்னலுக்கு வெளியே பனி. வேறு எவரும் வரவில்லை, வரப்போவதுமில்லை.

எழுந்து பக்கக் கதவால் வெளியே போனேன். முழங்கால்வரை பனிக்குள் கட்டடத்தைச் சுற்றி நடந்து, தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, முன்கதவால் வந்தேன். "போன்ஜூர்" என்றார் அந்த மனிதர். இரண்டாம் வரிசையில் இருந்தேன். மறுபடி போய், சால்வையைத் தலையில் சுற்றிக்கொண்டு வந்தேன். பிறகு குளிர்ச்சட்டையைக் கையில் போட்டபடி. ஒவ்வொரு தடவையும் அவர் புதிதாக ஒருவரை வரவேற்பதுபோலவே தலைசாய்த்தார்.

ஐந்தாம் முறை கடைசி வரிசையில் இருந்தேன். கால் விறைத்திருந்தது. அங்கிருந்து பார்க்கையில், முன்னாலிருந்த நான்கு வரிசைகளிலும் வரிசைக்கொரு நாற்காலியின் கீழ், சப்பாத்துப் பனி உருகித் தண்ணீராக நின்றது.