சாமிக்குப் போகும் கிணறு

என் வீட்டுக்காரர் செங்கல்பட்டு ஹைஸ்கூலில் ரசாயன வாத்தியார். ஹாலஜன் என்றால் உப்பை உண்டாக்குவது என்று அர்த்தமாம். ரசத்தில் உப்பு குறைந்த நாளெல்லாம் சொல்வார். குளோரின் சோடியத்தோடு சேர்ந்தால் சாது, தனியே விட்டால் ஆளைக் கொல்லும் என்பார். பையன்களைக் கேளம்பாக்கம் உப்பளத்துக்கு அழைத்துப்போய், உப்பு எடுத்தபின் மிஞ்சும் கசப்பு நீரில் புரோமின் இருக்கிறது என்று காட்டுவார். எனக்கு விரல் நறுக்கிக்கொண்டால் டிங்சர் அயோடினோடு ஒரு பாடமும் கிடைக்கும். மண்டை நிறையப் படிப்பு. வீட்டுக்குள் வரும்போது அதைச் செருப்போடு வாசலில் கழற்றிவிடுவார்.

ஐம்பதுகளில் ஒரு கோடை. மாமல்லபுரம் போகும் வழியிலிருந்த எங்கள் ஊருக்கு வாந்திபேதி வந்தது. சுகாதார இன்ஸ்பெக்டர் பிளீச்சிங் பவுடரோடு எங்கள் தெருக் கிணற்றடியில் வந்து நின்றார். கோயில் அபிஷேகத்துக்கு அந்தத் தண்ணீர்தான். படித்தவர் சொல்லட்டும் என்று எல்லோரும் இவரைப் பார்த்தார்கள்.

“சாமிக்குப் போற ஜலம். இந்த நாத்தத்தை இதுல போடப்படாது. வியாதி சேரியிலேர்ந்துதானே வரது, அங்க போடுங்கோ” என்றார்.

அந்தப் பவுடரில் இருப்பது, கிருமியைக் கொல்லும் என்று பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் இவர் எழுதிப்போடுகிற அதே குளோரின். பவுடர் முழுக்கச் சேரிக் கிணற்றுக்குப் போயிற்று. அங்கே வியாதி நின்றது. எங்கள் தெருவில் வீடு வீடாக ஏறியது.

எங்கள் இரண்டு வயதுப் பிள்ளைக்குக் கண் குழிந்துவிட்டது. ஜட்கா பிடித்துச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். உப்புத்தண்ணீர் ஏற்றிப் பிழைக்கவைத்தார்கள். மருந்து போடாத கிணற்றுத் தண்ணீரை இனிக் கொடுத்தால் பிள்ளை தங்காது என்றார் டாக்டர். இவர் தலையை ஆட்டினார். ஊர் திரும்பியதும் அதே கிணற்றில் வாளியை விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குடத்தோடு சேரிக் கிணற்றுக்கு நடந்தேன். இறைத்துக்கொண்டிருந்தவள் எங்கள் வயலில் நாற்று நடுபவள். கயிற்றைப் பிடித்தபடி தயங்கினாள்.

“மருந்து வாட அடிச்சிகினு கீதும்மா. ஐயரு குடிப்பாரா?”

“கொழந்தைக்கு” என்றேன். குடம் நிறைய ஊற்றினாள்.

சாயங்காலம் இவர் சொம்பைத் தூக்கியவர், மூக்கருகே ஒரு கணம் நிறுத்தினார். குளோரின் வாசனை தெரியாத ரசாயன வாத்தியார் உண்டா? எங்கிருந்து என்று கேட்கவில்லை. கேட்டால் நான் சொல்லிவிடுவேனே. மடமடவென்று குடித்தார், பயந்தாங்கொள்ளி. கோடை முழுக்க அந்தத் தண்ணீரைத்தான் குடித்தோம்.

மறுவருஷம் மழை பொய்த்துச் சேரிக் கிணறு வற்றியது. அவள் வெறுங்குடத்தோடு எங்கள் தெருமுனையில் வந்து நின்றாள். இவர்தான் முதல் ஆளாக எழுந்துபோய், இது சாமிக்குப் போகும் ஜலம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்.