இருபத்தேழாம் நம்பர் மாடு

மீனாட்சிபுரம் பால் சொசைட்டியில் கமலாத்தாளுக்குத் தற்காலிக வேலை. 1974-இல் கோமாரி ஊசிக்காக ஊரின் அறுபது மாடுகளுக்கும் நம்பர் போடச் சொன்னார்கள். மாட்டு டாக்டர் சரிபார்த்து ஒப்பமிட்டால் வேலை நிரந்தரம்.

கையில் ஒரு நம்பர் மிஷின். பதிவேட்டில் ஒன்று, மரவில்லையில் ஒன்று என ஒரே எண்ணை இரண்டு முறை அடித்துவிட்டுத் தானாக அடுத்ததற்குத் தாவும். அதன் ‘டொக்’குக்கு எங்கோ வாளையாற்றில் ரயிலே நின்றது, நானே பார்த்தேன். அடித்த வில்லையைக் கமலாத்தாள் மாட்டின் கழுத்துக் கயிற்றில் கட்டுவாள்; கூட வந்த கம்பவுண்டர் ஊசி போட, அதையும் நோட்டில் எழுதுவாள்.

அப்புசாமிக் கவுண்டரின் பசுவுக்கு எட்டு வந்தது.

“ஏனம்மிணி, எட்டு சனியன் நம்பர். ஒண்ணு போடு.”

“வரிசையில வர்றதுதானுங்க மாமா. கொம்புல வேணும்னா நீங்களே ஒண்ணுன்னு எழுதிக்கோங்க. என்னோட நோட்டுக்கு அது தெரிய வேண்டாம்.”

அன்றைக்கே கொம்பில் சிவப்புச் சாயத்தில் ‘1’ ஏறியது. கவுண்டருக்கும் மகிழ்ச்சி, நோட்டுக்கும் மகிழ்ச்சி.

அடுத்த மாதம் டாக்டர் வந்தார். முதல் இருபத்தாறு மாடுகளும் சரி. இருபத்தேழு, ராசம்மாள் வீட்டு மாடு. நோட்டில் ‘கறுப்பு, சினை, ஊசி போட்டது’. எதிரில் நின்றதோ வெள்ளை, வயிறு ஒட்டி.

“ஒரு மாசத்துல வெளுத்துப்போச்சா?”

“நல்லாத் தேய்ச்சுக் குளிப்பாட்டுனேனுங்க” என்றாள் ராசம்மாள்.

கமலாத்தாளுக்கு வேலை கண்ணெதிரே பறந்தது. “அக்கா, நெசத்தைச் சொல்லுங்க!”

“பழசைப் பொள்ளாச்சிச் சந்தையில வித்துப்போட்டேன். மாட்டை வித்தாலும் கயித்தைக் குடுப்பாங்களா? லட்சுமி போயிருவாளே! அந்தக் கயித்தைத்தான் புதுசுக்குக் கட்டுனேன்.”

டாக்டர் சிரித்துவிட்டார். “சரி, இருபத்தேழு சும்மாதானே கிடக்கு. இதுக்கே குடுத்துரு.”

“முடியாதுங்க. இருபத்தேழுக்கு ஊசி போட்டாச்சுன்னு எழுதியிருக்குது. நம்பரைக் குடுத்தா, போடாத ஊசியையும் சேர்த்துக் குடுத்த மாதிரி ஆயிரும்.”

இருபத்தேழின் எதிரே ‘விற்றாயிற்று’ என்று எழுதினாள். மிஷினை அழுத்தினாள். டொக், டொக்: அறுபத்தொன்று. கயிறு பழையது, வில்லை புதிது. டாக்டர் அங்கேயே வெள்ளைப் பசுவுக்கு ஊசி போட்டார். அது உதைத்த உதையில் அவர் செருப்பு பக்கத்து ஊர் கோவிந்தாபுரம் வரை போனது. மீதி மாடுகளையும் மற்றொரு செருப்போடே பார்த்து முடித்து, நின்றபடியே நோட்டில் ஒப்பமிட்டார்.

நிரந்தர உத்தரவு வந்தது. பணியாளர் எண்: எட்டு.

“ஏனம்மிணி, மாத்தச் சொல்லலையா?” என்று கவுண்டர் கண்ணடித்தார்.

“வரிசையில வந்ததுதானுங்களே மாமா” என்றாள் கமலாத்தாள். பிறகு அவரிடமே சிவப்புச் சாயம் வாங்கி, தன் நாற்காலியின் முதுகில் பெரிதாக ஒன்று என்று எழுதிக்கொண்டாள்.