அகஸ்டினா நிரப்பிய கட்டங்கள்

அகஸ்டினாவின் பதிவேட்டில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்காது. மடுல்சீமைக்கு மேலே, பஸ் ஏறாத தேயிலைத் தோட்டத்தில் பதினெட்டு வருடம் கொழுந்து பறித்தவள். முதுகு விட்டுப்போன சமயத்தில்தான் பல்கலைக்கழகத்து ஆட்கள் வந்து அவளை ஆய்வு வேலைக்கு எடுத்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து பேனா பிடிக்கிற வேலை, யாருக்குக் கிடைக்கும்? லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேருக்கு வயிற்றெரிச்சல்.

விவசாயத் துறையினர் இரும்புச்சத்து மிகுந்த குரக்கன், அதாவது கேழ்வரகு, ரகம் பார்த்து விளைவித்தார்கள். உணவுத் துறையினர் அதை முளைகட்டி மாவாக்கினார்கள். மருத்துவத் துறையினர் கொழுந்து பறிக்கும் முப்பத்தாறு பெண்களின் இரத்தத்தைச் சோதித்தார்கள். ஆறு மாதம் தினமும் அந்த மாவில் ரொட்டி. இரத்தம் ஏறினால், பெண்கள் வேலைக்குப் போகையில் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவுக்கும் மாவு வரும். ஒரே நிபந்தனை, ரொட்டிக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தேத்தண்ணி கூடாது. தேயிலைச் சாயம் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாதாம். ‘ரொட்டி சாப்பிட்டாரா, தேத்தண்ணி குடித்தாரா’ என்று ஆளுக்கு இரண்டு கட்டங்களை அகஸ்டினா தினமும் மலைக்குப் போய் நிரப்ப வேண்டும். ஆம் அல்லது இல்லை.

முதல் நாளே லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் ரெங்கம்மா மலையில் வைத்துச் சொல்லிவிட்டாள்.

“தேத்தண்ணி இல்லாம இது தொண்டையில எறங்குமாடி? நீ பாட்டுக்கு இல்லன்னு போடு. குடிச்சோம்னு எழுதுனா மாவ நிப்பாட்டிருவாங்க.”

அகஸ்டினாவும் போட்டாள். பதினெட்டு வருடம் அதே மலையில் அதே தேத்தண்ணியைக் குடித்தவள்தானே, எந்த வாயால் வேண்டாம் என்பாள்? முப்பத்தாறு பேருக்கும் ‘இல்லை’. ஆறு மாதமும் ‘இல்லை’.

முடிவு சொல்லும் நாளில் எல்லோரும் பிள்ளைக்காம்பராவில் கூடினார்கள். பதுளையிலிருந்து வந்த டொக்டர் தயானியின் முகத்தில் ஈயாடவில்லை.

“ஒருத்தருக்கும் ரத்தம் கூடல. இந்த மாவுல பிரயோசனம் இல்லன்னு திங்கக்கிழமை எழுதிக் குடுக்கப் போறோம். புள்ளைங்களுக்குக் குடுக்கிற திட்டமும் நிக்கும்” என்றார். பிறகு பதிவேட்டைத் தூக்கிக் காட்டினார். “அகஸ்டினா ஒரு நாள் தவறாம எழுதியிருக்காங்க. அதனாலதான் இவ்வளவு நிச்சயமா சொல்ல முடியுது. வெலிமடையில அடுத்த வேலைக்கும் நீங்கதான் வரணும்.”

பெண்கள் கைதட்டினார்கள். மாவைக் குற்றவாளியாக்கியது தன் கையெழுத்துதான் என்று அகஸ்டினாவுக்குப் புரிந்துவிட்டது. பேசாமல் இருந்தால் வெலிமடை வேலை. வாயைத் திறந்தால் மறுபடியும் கூடை. அந்த நினைப்பே முதுகில் வலித்தது.

டொக்டர் ரெங்கம்மாவின் பக்கம் திரும்பினார். “ஒங்களுக்கு ரத்த அளவு ஒம்பதுல இருந்தது ஏழரைக்கு எறங்கியிருக்கு. இரும்புச்சத்து சாப்பிட்டும் எறங்குதுன்னா உள்ளுக்குள்ள வேற ஏதோ இருக்கு. நாளைக்கே பதுளைக்கு வாங்க, பெரிய டெஸ்டெல்லாம் செய்யணும்.”

“பெரிய நோயா டொக்டர்? மூணு புள்ளைங்க இருக்கு எனக்கு” என்றாள் ரெங்கம்மா. தேத்தண்ணி பற்றி அவள் மூச்சே விடவில்லை. மாவு போய்விடும் என்ற பயம் அப்போதும் அவளை விடவில்லை. அப்படியும் ஒரு பிடிவாதம்.

அகஸ்டினா எழுந்தாள்.

“அவ தெனமும் ரொட்டியோட தேத்தண்ணி குடிச்சா டொக்டர். எல்லாரும் குடிச்சாங்க. நாந்தான் பொய்யா எழுதுனேன்.”

“எத்தன நாளு?”

“மொத நாளுல இருந்து.”

யாரோ பின்னாலிருந்து, “பாவி, காட்டிக் குடுத்துட்டாளே” என்றாள். டொக்டரின் குரல் உயர்ந்தது. “தண்ணி குடிச்சிருக்கலாமே? அது அவ்வளவு கஷ்டமா?”

அகஸ்டினாவுக்கும் கோபம் வந்துவிட்டது. “மலையில தண்ணிக்கு எங்கங்க போறது? பீலிக் கொழாயில வர்றது புல்லுக்கு அடிக்கிற மருந்தோட வருது. கொதிக்க வச்சு மேல வர்றது தேத்தண்ணி மட்டுந்தான்.”

“இத ஏன் நீங்க எழுதல?”

“எழுத எடமில்லையே டொக்டர். ஆமா, இல்ல ரெண்டுதானே போட்டிருந்தீங்க.”

மூன்று துறை சேர்ந்து மூன்று வருடம் உட்கார்ந்து தயாரித்த தாள் அது. டொக்டர் அதை மடித்து வைத்தார்.

“ஆறு மாசம் வீணாப் போச்சு. திரும்பத் தொடங்கணும். கொதிச்சாறின தண்ணிய கேன்ல அனுப்புறோம். ரெங்கம்மா, நீங்க எதுக்கும் பதுளைக்கு வந்து காட்டுங்க.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஆனா அகஸ்டினா, பதிவேட்ட இனி ஒங்க கையில குடுக்க முடியாது.”

“சரிங்க” என்றாள். அழுகை வீட்டுக்குப் போன பிறகுதான் வந்தது.

அடுத்த மாதம், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் அவள் பெயரும் கூப்பிடப்பட்டது. கூடையோடு மலையேறினாள், ஆய்வில் முப்பத்தேழாவது ஆளாக. ஒருத்தியும் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பதுளையில் வேறு நோய் இல்லையென்று கேட்டு வந்த ரெங்கம்மாகூட விலகியே உட்கார்ந்தாள். முதல் நாளே மழையில் பாதை சரிந்து, தண்ணீர் கேன் மேலே வரவில்லை. பத்து மணிக்கு வழக்கம்போல ரொட்டியும் தேத்தண்ணியும்தான்.

நடந்தே ஏறி வந்த டொக்டர் பதிவேட்டை விரித்தார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரெங்கம்மா கோப்பையைக் கூடைக்குப் பின்னால் தள்ளினாள்.

“அகஸ்டினா, தேத்தண்ணி குடிச்சீங்களா?”

“குடிச்சேன். அப்படியே எழுதுங்க.”

டொக்டர் எழுதினார். அடுத்தது ரெங்கம்மா. அவள் அகஸ்டினாவை முறைத்தாள், பிறகு கோப்பையை எடுத்து முன்னால் வைத்தாள்.

“நானுந்தான் குடிச்சேன். தண்ணி வரலைன்னும் சேத்து எழுதுங்க.”